எண்ணெய் போன இடத்தில்

சைனிக்புரி, செகந்திராபாத்தின் வடகிழக்கில் முன்னாள் படைவீரர்களுக்காக எழும்பிய குடியிருப்பு. இன்றைக்கு அதன் பிரதான சாலையில் கஃபேக்களும் பேக்கரிகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. உள்தெருக்கள் மட்டும் விடிகாலையில் இன்னும் நடைப் பயிற்சிக்காரர்களின் வசம்தான். அறுபதைத் தாண்டிய நான்கு பேர் சேர்ந்து நடந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். எந்த ஊரானாலும் இதுதான் கதை. கறி, மீன் நிறுத்தியாயிற்று. எண்ணெயை ஸ்பூனில் அளந்துதான் ஊற்றுகிறார்கள். மிளகாய் பஜ்ஜி வாசனை வந்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். கொஞ்சம் இறங்கியது, டிரைகிளிசரைடு மட்டும் ஏன் இறங்கக் காணோம்?

நியாயமான கேள்வி. இதற்கான பதிலின் பெரும்பகுதி சைனிக்புரிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, தார்நாக்காவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் நூறாண்டு வரலாற்றிலேயே கிடக்கிறது. மீதி கலிஃபோர்னியாவிலும் சென்னையிலும் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் சமையலறையில் ஒரு சின்னக் கணக்கு.

கொழுப்புக் குறைந்த உணவு என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது, மொத்தக் கலோரியில் பத்து சதவீதம் மட்டுமே கொழுப்பிலிருந்து வரும் உணவு. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 200 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரி தரும் என்பதால், நாள் முழுவதற்கும் சுமார் 22 கிராம். எண்ணெயே ஊற்றாத ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கால் கிலோ தானியம், 85 கிராம் துவரம்பருப்பு, 400 கிராம் காய்கறி, கீரை. இவற்றுக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு நான்கைந்து கிராம் தேறும். அதோடு 300 மில்லி பால், காபியாகவோ தயிராகவோ. பாக்கெட்டில் ஆறு சதவீதக் கொழுப்பு என்று போட்ட முழுக்கொழுப்புப் பால் என்றால் அதுவே 18 கிராம். கணக்கு முடிந்தது. கடுகு தாளிக்க ஒரு சொட்டு எண்ணெய்க்குக்கூட இடமில்லை. அதே பால் இருமுறை சமன் செய்த, ஒன்றரை சதவீதப் பாலாக இருந்தால் நாலரை கிராம்தான். எண்ணெய்ப் புட்டியை ஒளித்து வைத்துவிட்டுக் கெட்டித் தயிரைக் கிண்ணம் கிண்ணமாக வைத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வேர்க்கடலையும் அப்படித்தான். இட்லிக்கு எண்ணெய் இல்லை என்பது சரி. ஆனால் ஹைதராபாத்தில் இட்லியோடு வருவது பல்லி சட்னி, அதாவது வேர்க்கடலைச் சட்னி. முப்பது கிராம் வேர்க்கடலையில் 12 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கிறது. ஹைதராபாத்தின் பெயர்போன சைவப் பண்டமான பகாரா பைங்கனில் கத்தரிக்காய் ஒரு சாக்குத்தான். வேர்க்கடலை, எள், கொப்பரை மூன்றையும் வறுத்து அரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை வதக்குவதில்தான் அதன் பெருமையே அடங்கியிருக்கிறது. சைவம் என்பதும் கொழுப்புக் குறைவு என்பதும் ஒன்றல்ல என்று காட்ட அந்த ஒரு கிண்ணம் போதும். இன்னொன்று: எண்ணெய்ப் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போடுவது. கடலை எண்ணெயிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ என்றைக்குமே கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருந்ததில்லை. இல்லாததை இல்லை என்று சொல்லி விற்பதும் ஒரு சாமர்த்தியம்.

தார்நாக்கா நிறுவனம் ஹைதராபாத்தில் பிறந்ததல்ல. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசனுக்குக் கிடைத்த ஓர் அறையில் தொடங்கியது. 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. 1969இல் இப்போதைய பெயர் வந்தது. அதை உலகறிய வைத்தவர்களில் முதன்மையானவர் சேலத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்த சி. கோபாலன். நீலகிரி மலைச்சரிவில் முளைத்து, தெலங்கானாவில் வேர்விட்ட ஆய்வுக்கூடம் என்பதாலோ என்னவோ, தமிழன் தட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அதன் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது.

1920களில் மெக்காரிசன் எலிக்கூண்டுகளை வரிசையாக வைத்து, இந்தியாவின் வெவ்வேறு வட்டாரங்களில் மக்கள் சாப்பிடும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகளுக்குக் கோதுமைச் சப்பாத்தி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, கீரை, எப்போதாவது கொஞ்சம் இறைச்சி. சென்னை மாகாண உணவு தின்றவற்றுக்குத் தீட்டிய அரிசிச் சோறு, பருப்பு, கொஞ்சம் காய், பால் பெயருக்கு. சோதனை முடிவில் நிறுத்துப் பார்த்தபோது சீக்கிய எலியின் சராசரி எடை 235 கிராம். சென்னை எலி 155 கிராம், வரிசையில் கடைசி. உடலை வளர்ப்பதில் எந்த உணவு கெட்டி என்பதில் அன்று யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. எலிகள் வேறுபட்டதற்குக் கொழுப்பு மட்டும் காரணமல்ல. புரதம், வைட்டமின்கள், சுண்ணாம்புச் சத்து எல்லாமே பாலோடு சேர்ந்து வந்தவை. ஆனால் அந்தச் சென்னைத் தட்டும், யார் திட்டமும் இல்லாமல், வறுமை வகுத்துக் கொடுத்த கொழுப்புக் குறைந்த தட்டுத்தான்.

எலி எவ்வளவு வளர்ந்தது என்பது வேறு, மனிதனின் இதயம் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு. அந்த இரண்டாவது கேள்விக்கு ரயில்வே கை கொடுத்தது. எஸ்.எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் பதிவுகளைத் திரட்டி, 1967இல் பிரிட்டிஷ் இதய இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதயத் தமனி நோய் பஞ்சாபிகளைவிடத் தென்னிந்தியர்களிடம் ஏழு மடங்கு அதிகம் என்றது அது. இத்தனைக்கும் வடக்கே சாப்பிட்ட கொழுப்பு தெற்கைப் போல 8 முதல் 19 மடங்கு. அதுவும் பெரும்பாலும் பால் கொழுப்பு. தெற்கே இருந்ததோ கொஞ்சம் விதை எண்ணெய்.

கொழுப்பே இதயத்தின் எதிரி என்று அமெரிக்கா அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் வந்த கட்டுரை இது. இன்றும் நெய்ப் பிரியர்கள் அதைத் தூக்கிப் பிடிப்பதுண்டு. அவ்வளவு தூரம் தூக்க வேண்டியதில்லை. இரண்டு வட்டாரத்து மக்களை ஒப்பிடும்போது உணவு மட்டுமா மாறுகிறது? உடலுழைப்பு, புகை, நோயைக் கண்டுபிடித்துப் பதியும் பழக்கம், பரம்பரை எல்லாம் கூடவே மாறுகின்றன. நெய் காப்பாற்றியது என்பதற்கு அது சாட்சியல்ல. கொழுப்பு குறைவாக இருப்பது மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு நல்ல சாட்சி.

அப்படியென்றால் காப்பாற்றிய தட்டு எது? இங்கே கோயம்புத்தூர் குறுக்கிடுகிறது. அதன் அருகே செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா, பத்தமடை சிவானந்தரின் சீடர். இலங்கையில் பல ஆண்டு இருந்துவிட்டு அமெரிக்கா போனவர். 1969 வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கி வைத்த காவியுடைக்காரர் அவர்தான். 1970களின் தொடக்கத்தில் டெக்சாசில் மனம் உடைந்து கிடந்த ஒரு கல்லூரி மாணவன் அவரைச் சந்தித்தான். பெயர் டீன் ஆர்னிஷ். யோகமும் சைவமும் தன்னை மீட்டதாகச் சொன்ன அந்த மாணவன் பின்னால் மருத்துவரானான். தன்னை மீட்டதை இதய நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கவும் துணிந்தான்.

1990இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்தச் சோதனையில் ஒரு பக்கம் 28 நோயாளிகள். மறுபக்கம் வழக்கமான சிகிச்சையில் 20 பேர். முதல் கூட்டத்துக்குப் பத்து சதவீதக் கொழுப்புள்ள சைவ உணவு: முழுத் தானியம், பருப்பு, பயறு, காய், பழம். விலங்கிலிருந்து வருவதில் முட்டை வெள்ளைக்கருவும் நாளுக்கு ஒரு கோப்பை கொழுப்பு நீக்கிய பாலோ தயிரோ மட்டும் அனுமதி. ஓராண்டு கழித்துத் தமனிகளைப் படம் எடுத்தார்கள். உணவு மாற்றிய கூட்டத்தின் சராசரி அடைப்பு 40.0இலிருந்து 37.8 சதவீதமாக இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு 42.7இலிருந்து 46.1க்கு ஏறியிருந்தது. இரண்டு சதவீதம் என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். அடைப்பு ஒரு வழிப்பாதை, ஏறும், இறங்காது என்றே அதுவரை மருத்துவர்களில் பலர் நம்பியிருந்தார்கள். நெஞ்சுவலியின் எண்ணிக்கை 91 சதவீதம் குறைந்ததும் அதே அறிக்கையில் இருக்கிறது. ஐந்தாண்டு முடிவுகளோடு 1998இல் வந்த தொடர் அறிக்கையில் இடைவெளி இன்னும் விரிந்திருந்தது.

ஆர்னிஷின் நோயாளிகள் எண்ணெயை மட்டும் விடவில்லை. புகையை விட்டார்கள், நடந்தார்கள், ஆசனமும் தியானமும் செய்தார்கள், வாராவாரம் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார்கள். முதலாண்டிலேயே சராசரியாகப் பத்துக் கிலோ இளைத்தார்கள். இதில் தமனியைத் திறந்தது எது என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனையால் முடியாது. ஆள் எண்ணிக்கையும் சிறிது. ‘எண்ணெய் இல்லாத சமையல் அடைப்பைக் கரைக்கும்’ என்ற விளம்பரங்களில் ஆர்னிஷின் பெயர் வரும்போது இந்த மற்ற பாதி வசதியாகக் காணாமல் போய்விடுகிறது.

பெரிய எண்ணிக்கையில் சோதித்தால்? அமெரிக்க அரசு சோதித்தது. 48,835 பெண்கள், சுமார் எட்டாண்டு. ஒரு பகுதியினர் கொழுப்பைக் கலோரியில் 20 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். முதலாண்டில் 24க்கு வந்தார்கள், பிறகு மெல்ல மேலே நழுவினார்கள். 2006இல் முடிவு வந்தது: மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. கொஞ்சம் கொழுப்பைக் குறைத்து, மற்றதை அப்படியே விட்டால் ஒன்றும் நடப்பதில்லை. அதே சமயம் ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெயையும் கொட்டைகளையும் தாராளமாகக் கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. ஆக, கொழுப்பின் கிராம் கணக்கு மட்டும் பார்த்து யாருடைய இதயத்துக்கும் ஜாதகம் கணிக்க முடியாது. எண்ணெய் இறங்கிய இடத்தில் எது ஏறியது என்றும் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் ஏறுவது பெரும்பாலும் சோறு. பொரியலில் எண்ணெய் இல்லாவிட்டால் பொரியல் ருசிக்காது. ருசிக்காத பொரியல் தட்டின் ஓரத்தில் ஒதுங்கும். வயிறு நிறைய இன்னொரு கரண்டி சோறும் ரசமும். அல்லது நடை முடிந்து வந்ததும் இரண்டு ரஸ்க், ‘கொழுப்பு குறைவு’ என்று அச்சிட்ட மாரி பிஸ்கட், சர்க்கரை போட்ட டீ. தேவைக்கு மேல் வந்து சேரும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு என்ற பெயரில் நிற்பது அதுதான். அது ஏறினால் நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். இறங்குவதும் வழக்கம். வாய்வழியாக எண்ணெய் உள்ளே போகாவிட்டாலும், ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிற வழி இது.

இந்திய உடம்புக்கு இந்த வழி கொஞ்சம் அகலம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு படம் 2004இல் லான்செட்டில் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒரே 22.3, பார்த்தால் இருவரும் ஒல்லி. உடலில் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ‘நான் குண்டாகவே இல்லையே’ என்பது நம் ஊரில் பெரிய ஆறுதல் அல்ல.

சென்னையின் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு இதற்கு எண் கொடுத்திருக்கிறது. 2025இல் வெளியான உணவுப் பகுதியின்படி, இந்தியர்கள் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள். அதில் ஐந்து சதவீதப் புள்ளிகளைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினாலே நீரிழிவு வாய்ப்பு குறைகிறது. சிறுதானியப் பக்தர்களுக்கு ஒரு கசப்பான சேதியும் அதில் உண்டு: மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமையையோ சிறுதானியத்தையோ மாற்றி வைத்தால் மட்டும் பலன் தெரியவில்லை.

தெலங்கானா சமையலறையில் இதற்கு ஏற்ற பண்டம் முன்பிருந்தே இருக்கிறது. சோள ரொட்டி, அவர்கள் பேச்சில் ஜொன்ன ரொட்டெ. சோளமாவில் கோதுமையின் பசைத்தன்மை இல்லாததால் கொதிநீர் விட்டுப் பிசைய வேண்டும். உருட்டிய மாவைக் கட்டையால் தேய்ப்பதில்லை. உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டே விரிக்கிறார்கள். காய்ந்த கல்லில் போட்டதும், நீரில் நனைத்த துணியால் மேற்பரப்பை ஒருமுறை துடைத்துவிடுகிறார்கள். அந்த ஈரம் வற்றியதும் திருப்பிப் போட, ரொட்டி உப்பி எழும். எண்ணெய் எங்குமே இல்லை. நூறு கிராம் சோளத்தில் நார்ச்சத்து சுமார் பத்து கிராம். தீட்டிய அரிசியில் மூன்றுக்கும் கீழே. சோறு போல அள்ளி அள்ளித் தின்னவும் முடியாது. இரண்டாவது ரொட்டியிலேயே தாடை ஓய்ந்துவிடும். பக்கத்தில் கோங்குரா எனப்படும் புளிச்சக்கீரை போட்ட பருப்பு ஒரு கிண்ணம் நிறைய இருந்தால், ஆர்னிஷின் தட்டுக்கு அது வெகு கிட்டே வந்துவிடுகிறது.

அதற்காக எண்ணெயை முழுக்கத் துடைத்தெறிய வேண்டுமா? காய்ந்த வாணலியில் கடுகு எண்ணெயில்லாமலும் வெடிக்கும். வெங்காயத்தை நீர் தெளித்தும் வதக்கலாம். ஆனால் கறிவேப்பிலை, சீரகம், பெருங்காயத்தின் மணப்பொருள்கள் கொழுப்பில் கரைகிறவை. எண்ணெய் இல்லாத தாளிப்பு பருப்பின் மேலே உட்காருமே தவிர உள்ளே இறங்காது. மணத்தோடு சத்தும் சேர்ந்தது இது. கீரையின் கரோட்டின் குடலில் உறிஞ்சப்படவும் கொழுப்பு வேண்டும். தார்நாக்கா ஆய்வாளர்கள் குழந்தைகளுக்குக் கீரையோடு வெவ்வேறு அளவில் கொழுப்புச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 1980இல் வெளியிட்டார்கள்: ஐந்து கிராம் சேர்த்ததும் ரத்தத்தில் வைட்டமின் ஏ ஏறியது, பத்துக் கிராமாக்கினால் கூடுதல் லாபம் இல்லை. ஐந்து கிராம் என்பது ஒரு டீஸ்பூன் சொச்சம். நம் பாட்டிமார் தாளிக்க ஊற்றிய அளவே அவ்வளவுதான் இருக்கும். பேரப்பிள்ளைகள்தான் புட்டியைக் கவிழ்க்கிறார்கள்.

நிறுவனம் 2024இல் புதுப்பித்த உணவு வழிகாட்டியில், 2000 கலோரித் தட்டுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று போட்டிருக்கிறது. ஆர்னிஷை விடத் தாராளம். இருந்தாலும் நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர்தான் ஆகிறது. ஐந்து லிட்டர் கேன் மாதக் கடைசிக்கு முன்பே காலியாகும் வீடுகளுக்கு, அதுவே கணிசமான விரதம். வளரும் குழந்தைகளுக்கோ கணக்கு வேறு. ஹைதராபாத்தைச் சுற்றிய 29 கிராமங்களில் 1987 முதல் 1990 வரை நடந்த சோதனையில், ஒரு பகுதிக் கிராமங்களின் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கும் மக்காச்சோளம், சோயா கலந்த மாவில் சோயா எண்ணெய் விட்டுக் கிளறிய உப்புமா கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பதின்வயதை எட்டியபோது, மற்றக் கிராமத்துப் பிள்ளைகளைவிட 14 மில்லிமீட்டர் உயரமாகவும், தமனி இறுக்கமும் இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தும் இருந்தார்கள். தாத்தாவின் பத்தியத்தைப் பேரனின் தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கிட்டத்து ஆதாரம் தேட வேண்டியதில்லை.

கொழுப்பைக் குறைக்கும் சைவர்கள் தவறவிடும் இன்னொன்று வைட்டமின் பி12. செடிகொடிகள் எதிலும் அது கிடையாது. பால், தயிர், முட்டைதான் வழி. இருமுறை சமன் செய்த பாலில் கொழுப்பு போனாலும் பி12 போவதில்லை, ஆகவே பாலின் வகையை மாற்றலாம், பாலையே நிறுத்தினால்தான் சிக்கல். ஹைதராபாத் நகரத்துப் பெரியவர்களிடம் தார்நாக்கா நிறுவனம் நடத்திய ஆய்வில், சுமார் மூன்றில் ஒருவருக்கு அது குறைவாக இருந்தது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் விழுங்குகிறவர்களுக்குக் குடல் பி12ஐ உறிஞ்சுவதும் குறைகிறது. மருந்தும் பத்தியமும் வயதும் ஒரே ஆளிடம் சேரும்போது உள்ளங்கால் எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். சர்க்கரை நோயின் நரம்புக் கோளாறும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். கொலஸ்ட்ராலுக்கு ரத்தம் கொடுக்கும் அதே காலையில் பி12க்கும் சேர்த்து எழுதித் தரச் சொன்னால் குறைவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். குறைவு என்றால் மாத்திரையிலோ ஊசியிலோ சரியாகிவிடும்.